அப்பா 80 – திருக்கடையூர் வேன்

வியாழன், காலை 6:40

செந்தில்: எல்லாருக்கும் வணக்கம். வேன் விஷயம் இன்னைக்கே முடிக்கணும். டிரைவர் அட்வான்ஸ் கேட்டு நேத்து ரெண்டு தடவை போன் பண்ணிட்டார். 12 சீட் வண்டி. அப்பா, அம்மா, அக்கா, அத்தான், பாலு மாமா, அத்தை, பிரபு, ஷாலினி, நான், கீதா, யாழினி. 11 பேர். பிரபு குழந்தை மடியில. மிச்சம் ஒரு சீட்ல பூ, பழம், பட்டுப்புடவைப் பை. ரமணி அண்ணாவும் லதா அண்ணியும் கோயம்புத்தூர்ல இருந்து ஜன சதாப்தியில நேரா மயிலாடுதுறை வந்துடுவாங்க. நாம சனிக்கிழமை விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினா பாண்டி, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியா மதிய சாப்பாட்டுக்குப் போயிடலாம். ராத்திரி அங்கயே தங்கல். ஞாயிறு காலையில பூஜை.

சாரதா: சரி

பிரபு: ஓகே

பாலு மாமா: 🙏 இனிய காலை வணக்கம். இன்று பிரதோஷம்.

கீதா: சனிக்கிழமை காலையில யாழினிக்கு அண்டர் 15 கிரிக்கெட் செலக்‌ஷன். அதை யாரும் எழுதலையே

செந்தில்: எழுதத்தான் வர்றேன் கீதா

சாரதா: அய்யோ அன்னைக்கா

பிரபு: வேனை மதியம் மாத்துங்க மாமா

பாலு மாமா: ராகு காலம் பாத்துக்கோ. சனிக்கிழமை 9 டு 10:30

செந்தில்: நேரம் மட்டும் பிரச்சனை இல்ல. கொஞ்சம் விவரமா சொல்றேன், பொறுமையா படிங்க. போன வாரம் யாழினிக்கு கோச்சிங் குடுக்கிற சார் என்னைத் தனியா கூப்பிட்டு, "பொண்ணு நல்லா சுழட்டுறா, ஆனா கை வளையுது சார், செலக்‌ஷன்ல யாராவது ரிப்போர்ட் பண்ணிட்டா பேர் கெட்டுடும், இந்த வருஷம் பேட்டிங் மட்டும் காட்டச் சொல்லுங்க"ன்னார். நான் வீட்டுக்கு வந்து அவளை ரெண்டு கையையும் முன்னாடி நீட்டச் சொன்னேன். இடது கை ஸ்கேல் மாதிரி நிக்குது. வலது கை எவ்வளவு நீட்டினாலும் முழங்கையில கொஞ்சம் மடிஞ்சேதான் இருக்கு. வலி எதுவும் இல்ல. பொறந்ததுல இருந்தே அப்படித்தான் இருந்திருக்கு, நாங்கதான் கவனிக்கல.

சாரதா: வலது கையா

கீதா: ஆமா அண்ணி

சாரதா: என்னோடதும் அதே கைதான். குடம் தூக்கினா இடுப்புல ஒட்டாம வெளிய நிக்கும். அம்மா திட்டுவாங்க

செந்தில்: அதேதான்க்கா. நம்ம வீட்டு முழங்கை. இப்ப சட்டம் என்னன்னா, கை வளைஞ்சிருக்கிறது தப்பே இல்ல. பந்து போடுறப்போ மடிஞ்ச முழங்கையை நீட்டினாத்தான் அது எறியுறது, நோ பால். கை தோள் உயரத்துக்கு வர்றப்போ முழங்கை எந்தக் கோணத்துல இருக்கு, பந்து கையை விட்டுப் போறப்போ எந்தக் கோணத்துல இருக்கு, அந்த வித்தியாசம்தான் கணக்கு. முன்னாடி ஸ்பின்னருக்கு 5 டிகிரிதான் விட்டாங்க. சோதிச்சுப் பார்த்தா கிட்டத்தட்ட எல்லா பவுலருக்கும் கொஞ்சம் நீளுதுன்னு தெரிஞ்சு, 2005ல எல்லாருக்கும் 15 டிகிரி வரைக்கும்னு ஐசிசி (சர்வதேச கிரிக்கெட் கவுன்சில்) மாத்திடுச்சு. இலங்கை ஸ்பின்னர் முரளிதரனை எடுத்துக்குங்க. அவருக்கும் பொறவியிலேயே கை முழுசா நீளாது. 1995 டிசம்பர் 26, மெல்போர்ன்ல அம்பயர் டாரல் ஹேர் அவரை ஒரே நாள்ல 7 தடவை நோ பால் சொன்னார். அதே முரளி டெஸ்ட்ல 800 விக்கெட் எடுத்தார். 2004ல கையில விறைப்பா பிரேஸ் மாட்டிக்கிட்டு டிவியிலேயே போட்டுக் காட்டினார், அப்பவும் பந்து அப்படியே திரும்பிச்சு. ஒரு அம்பயர் கண்ணால பார்த்துட்டு நோ பால் சொல்றது எவ்வளவு பெரிய

சாரதா: செந்தில்

சாரதா: ரமணி அண்ணா இந்த குரூப்ல இருக்கார்

செந்தில்: தெரியும்க்கா. அதனாலதான் பாதியில நிறுத்திட்டேன்

பாலு மாமா: 84ல உங்க அப்பாவே ரமணிக்கு நோ பால் சொன்னாரே, அதைச் சொல்றியா? நான் அன்னைக்கு கிரவுண்ட்லதான் இருந்தேன்

சாரதா: மாமா ப்ளீஸ்

கீதா: திருக்கடையூர்ல சாப்பாட்டுக்கு அங்கேயே சொல்லிடலாமா, இல்ல சமையல்காரரைக் கூட்டிட்டுப் போறோமா? அவங்க ஒரு இலைக்கு ரெண்டு இனிப்புன்னு சொல்றாங்க. பால் பாயசமா பருப்புப் பாயசமா

பிரபு: பால்

ஷாலினி: அதிரசம் வைக்கச் சொல்லுங்க. தாத்தாவுக்குப் பிடிக்கும்

சாரதா: அப்பாவுக்கு சுகர் 240. அதிரசம் வேணாம்

பாலு மாமா: 80 வயசுல ஒரு அதிரசம் சாப்பிடட்டும். வெங்கட்ராகவனும் நானும் ஒரே வருஷத்து ஆளுன்னு நாளைக்கு பத்து தடவை சொல்றார். 1945. அவரும் ஆஃப் ஸ்பின், இவரும் ஆஃப் ஸ்பின். அவரும் அம்பயர் ஆனார், இவரும் ஆனார். அவர் 73 டெஸ்ட்ல நின்னார், இவர் லீக்ல நின்னார், அவ்வளவுதான் வித்தியாசம்.

வியாழன், மதியம் 1:15

பாலு மாமா: சொல்லக் கூடாதுன்னு சாரதா சொல்லிடுச்சு. இருந்தாலும் இதை மட்டும் சொல்லிடுறேன். 1986 செப்டம்பர் 22, சேப்பாக்கம். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சம ரன்ல முடிச்சு டை ஆன மேட்ச். நானும் ரமணியும் ஒண்ணாத்தான் போனோம். கடைசி ஓவர் கிரெக் மேத்யூஸ், ஆஃப் ஸ்பின். அந்த வெயில்ல அந்த ஆள் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுப் போட்டான். ஒரு பந்து மிச்சம் இருக்கிறப்போ மணீந்தர் எல்பிடபிள்யூ. ஸ்டேடியமே எழுந்து நின்னு கத்துது. ரமணி மட்டும் உட்கார்ந்தே இருந்தான். வலது கை மடியில இருக்கு. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அகண்டு, பந்தே இல்லாம திருப்பிக்கிட்டு இருந்தான். அவன் பவுலிங்கை விட்டு அப்போ ரெண்டு வருஷம்.

சாரதா: இது எனக்குத் தெரியாது மாமா

பிரபு: எனக்கும்

சாரதா: நானும் ஒண்ணு சொல்றேன். இத்தனை வருஷம் யார்கிட்டயும் சொன்னதில்ல. அண்ணா கோச்சுக்காதே.

சாரதா: அந்த மேட்ச் நடந்த ராத்திரி மாடியில சத்தம் கேட்டு நான் ஏறிப் போனேன். எனக்கு அப்போ 15 வயசு. தட்டோடு மேல அண்ணா தனியா பந்து போட்டுக்கிட்டு இருந்தான். கையில என்னோட மர ஸ்கேல். அடியும் நுனியும் அப்பாவோட பழைய வேட்டிக் கிழிசலால இறுக்கிக் கட்டியிருந்தான். ஸ்கேல் நேரா இருக்கு, கை நேரா வரல. முழங்கைக்குப் பக்கத்துல ஸ்கேலுக்கும் கைக்கும் நடுவுல ரெண்டு விரல் போற அளவு இடைவெளி. அவன் எவ்வளவு இறுக்கினாலும் அந்த இடைவெளி மூடவே இல்ல. நான்தான் அவுத்து விட்டேன். கட்டின இடம் ரெண்டும் செவந்து தடிச்சிருந்தது. யார்கிட்டயும் சொல்லாதேன்னான். மறுநாள்ல இருந்து பந்தையே தொடல.

செந்தில்: அக்கா

செந்தில்: அப்ப அது எறியல அக்கா. அந்த இடைவெளி கடைசி வரைக்கும் அப்படியே நின்னதுன்னா கை நீளவே இல்லைன்னுதானே அர்த்தம்? ஸ்கேலே சாட்சி.

கீதா: சார் இப்ப யாழினியைப் பத்தி பயப்படுறதும் அதுக்குத்தான். கூடப் போடுற பசங்க "மாங்கா போடுறா", அதாவது எறியுறான்னு கிண்டல் பண்றாங்களாம்

அப்பா: [குரல் செய்தி 1:52]

சாரதா: நான் ஸ்கூல்ல இருக்கேன், கேக்க முடியாது. யாராவது எழுதுங்க

கீதா: மாமா சொன்னதை அப்படியே எழுதுறேன். "ரமணி, 84ல நடந்ததை நான் மறக்கல. அன்னைக்கு வர வேண்டிய அம்பயர் வரல, என்னை நிக்கச் சொன்னாங்க. பந்து சுத்தமா வந்துச்சுன்னு அம்பயருக்கு முழுத் திருப்தி இல்லைன்னா உடனே நோ பால் சொல்லணும், அன்னைக்குச் சட்டம் அதுதான். எதிர் டீம்ல ஒருத்தன் என் காதுல விழுற மாதிரி, அப்பன் நிக்கிறான் பையன் எறியிறான்னு பேசினான். அதுக்கப்புறம் நாலு பந்து சொன்னேன். நான் பார்த்தது கை வளைஞ்சிருந்ததை. கை நீண்டதை நான் பார்க்கல. ரெண்டும் வேறன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும், ஏன்னா என் கையும் அதே கைதான். நான் பதினாறு வருஷம் லீக்ல போட்டேன், என்னை எவனும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. உன்னைக் கேட்டது நான்." அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சு இல்ல. கடைசியில "வேன்ல எனக்கு ஜன்னல் சீட் வேணாம், காத்து முகத்துல அடிக்கும்"னு சொல்லியிருக்கார்.

வியாழன், மாலை 5:30

செந்தில்: டிரைவர் மறுபடி போன் பண்ணிட்டார். 5 மணியா, மதியம் 1 மணியா?

பிரபு: மதியம்

லதா: செந்தில், அவர் எல்லாத்தையும் படிச்சுட்டார். மத்தியானம் சாப்பிடல. வெளியில வாசப்படியில உட்கார்ந்திருக்கார்

அப்பா: [குரல் செய்தி 0:09]

கீதா: இது அத்தை குரல். "லதா, அவனுக்கு மோர் சாதமாவது குடு"

லதா: சரிங்க அத்தை

வியாழன், இரவு 9:05

ரமணி: செந்தில், யாழினி பந்து போடுறதை நீ எனக்கு அனுப்பினியே, அந்த வீடியோ எடுத்த கோணம் தப்பு. பின்னாடி இருந்து எடுத்தா ஒண்ணும் தெரியாது. பக்கவாட்டுல ஒண்ணு, நேர் எதிர்ல இருந்து ஒண்ணு எடு. ஸ்லோ மோஷன்ல வை. கையில்லாத பனியன் போடச் சொல்லு, முழங்கை மூட்டு தெரியணும்.

ரமணி: எடுத்தாலும் போன்ல பார்த்து முடிவு பண்ணாதே. மடிஞ்ச கை சுழலும்போது நீளுற மாதிரித்தான் கண்ணுக்குத் தெரியும். முரளியைப் பார்த்தவங்களுக்கும் அப்படித்தான் தெரிஞ்சது. தோள்ல, முழங்கையில, மணிக்கட்டுல பளபளக்கிற பொட்டு ஒட்டி, சுத்தி கேமரா வச்சு எடுத்தாத்தான் டிகிரி கணக்கு வரும். போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவுல ஐசிசி அங்கீகாரம் குடுத்த ஆய்வுக்கூடம் இருக்கு. அங்க கேளு.

செந்தில்: அண்ணா, இதெல்லாம் உனக்கு

ரமணி: படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். முப்பது வருஷமா

சாரதா: அண்ணா

பிரபு: போரூர் எனக்குப் பக்கம் பெரிய மாமா. காலையில நான் போய்க் கேட்டுட்டு வர்றேன்

கீதா: நான் யாழினி, அம்மா போன்ல பேசுறேன். பெரியப்பா சனிக்கிழமை நான் பவுலிங் போடட்டுமா வேணாமா? சார் வேணாம்னு சொல்றார், அப்பா ரெண்டும் சொல்றார்

ரமணி: நீ பந்தை எப்படிப் பிடிக்கிறே?

கீதா: தாத்தா சொன்ன மாதிரிதான். ரெண்டு விரலையும் அகட்டி தையல் மேல வச்சு, தெருக் குழாயை மூடுற மாதிரி திருப்பணும். மூடினா ஆஃப் ஸ்பின், திறந்தா லெக் ஸ்பின்

ரமணி: எங்களுக்கும் அதேதான் சொல்லிக் குடுத்தார். முதல்ல சாத்துக்குடியில

கீதா: எனக்கும் சாத்துக்குடிதான்!! மூணு மாசம் பந்தையே தரல. சாத்துக்குடியை மேல தூக்கிப் போட்டா ர்ர்ர்னு சுத்தணும், காம்பு கண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னார். இப்ப சொடக்குப் பந்தும் போடுவேன். அஷ்வின் மாதிரி நடுவிரலால சுண்டி விடுறது. தாத்தா அது தெரு விளையாட்டுன்னு திட்டுறார்

பாலு மாமா: அந்தத் தெரு விளையாட்டுலதான் அவன் டெஸ்ட்ல 537 விக்கெட் எடுத்தான்னு சொல்லு

அப்பா: சொடக்கு வேண்டாம். முதலில் ஆஃப் பிரேக்

சாரதா: அப்பா டைப் பண்ணிட்டார்

ரமணி: யாழினி, ஆள்காட்டி விரல் முதல் கணுவுல காய்ப்பு இருக்கா?

கீதா: இருக்கு பெரியப்பா. ஒரு தடவை தோல் கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு. பாட்டி மஞ்சள் வச்சாங்க

ரமணி: அது போதும்

வியாழன், இரவு 9:50

ரமணி: செந்தில், நான் நாளைக்கு ராத்திரி சென்னை வர்றேன். லதா மட்டும் சனிக்கிழமை ஜன சதாப்தியில மயிலாடுதுறை வருவா. காலை 6 மணிக்கு செலக்‌ஷனுக்கு முன்னாடி மாடியில யாழினி எனக்கு நாலு ஓவர் போடணும். அப்பா அம்பயர் நிக்கிற இடத்துல நாற்காலி போட்டு உட்காரட்டும்.

லதா: தனியாவா? பட்டுப்புடவை எல்லாம் நான் ஒருத்தியே தூக்கணுமா

ரமணி: புடவைப் பையை நான் எடுத்துட்டு வர்றேன்

சாரதா: அப்பாவால மாடி ஏற முடியாது அண்ணா. முட்டி

பிரபு: நான் தூக்கிட்டுப் போறேன்

அப்பா: ஏறுவேன்

செந்தில்: சரி. ஆனா சார் பேட்டிங் மட்டும்னு சொல்லிட்டாரே, நாம பவுலிங்னு பேர் குடுத்தா அவருக்குக் கோவம் வராதா? அவர்கிட்ட யார் பேசுறது? அண்ணா நீ பேசுறியா? அப்புறம் மதியம் 1 மணிக்குக் கிளம்பினா சிதம்பரம் தாண்டுறதுக்குள்ள இருட்டிடும். அண்ணா நம்ம கூட வேன்ல வர்றதுன்னா 12 பேர் ஆயிடுச்சு, பூ, பழம், பை எல்லாம் எங்க வைக்கிறது? 17 சீட் வண்டி கேக்கவா? அதுக்கு வாடகை கூட.

கீதா: பருப்புப் பாயசம்னு சொல்லிட்டேன். இனி மாத்த முடியாது

பிரபு: பால் சொன்னேனே

ரமணி: யாழினி, பந்து புதுசா பழசா?

கீதா: பழசு பெரியப்பா. ஒரு பக்கம் தேய்ஞ்சு போச்சு, தையல் மட்டும் நல்லா நிக்குது

ரமணி: அதையே எடுத்து வை

செந்தில்: டிரைவர் லைன்ல இருக்கார். 12ஆ 17ஆ? யாராவது சொல்லுங்க