கிறிஸ்துமஸ் மரத் தொங்கல்களும் கைவினைப் பரிசுகளும்: கைக்காசு கரையாமல் செய்வது எப்படி? (பலரின் அனுபவப் பகிர்வு; ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

மாவுக்கை:

உப்பு மாவிலிருந்து தொடங்குகிறேன். மரத்தில் மாட்ட இதைவிடச் சிக்கனமான பொருள் கிடையாது. 2 கப் மைதா, 1 கப் தூள் உப்பு, முக்கால் கப் தண்ணீர், அவ்வளவுதான். தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பத்து நிமிடமாவது பிசையுங்கள். மாவு கையில் ஒட்டக் கூடாது. விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்க வேண்டும். கல் உப்புதான் இருக்கிறதென்றால் மிக்ஸியில் பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காய்ந்த பிறகு மேற்பரப்பு சொரசொரவென்று நிற்கும், பெயின்ட் சீராகப் பிடிக்காது. ஏற்கெனவே பேக்கிங் பவுடர் கலந்து விற்கும் மாவு வேண்டவே வேண்டாம். ஓவனில் உப்பி, நட்சத்திரம் பன்னாகிவிடும்.

5 மி.மீ. கனத்துக்குத் தேய்த்து வெட்டுங்கள். 6 செ.மீ. நட்சத்திரம் என்றால் இந்த அளவு மாவில் முப்பதுக்குக் குறையாமல் வரும். துளையை ஈரமாக இருக்கும்போதே ஸ்ட்ராவால் போட்டுவிட வேண்டும், விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. உள்ளே தள்ளி. காய்ந்த பிறகு துளை போடப் போனால் விரிசல் விடும்.

ஓவன் 110 முதல் 120 டிகிரி செல்சியஸ், இரண்டு முதல் மூன்று மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். அவசரத்துக்கு 180-ல் வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிக் கொப்புளம் கிளப்பும், ஓரம் பழுப்பேறும். வெந்ததா என்று பார்க்காதீர்கள், காய்ந்ததா என்று பாருங்கள். முழுதாக ஆறிய துண்டின் முதுகுப் பக்கத்தைக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, மறுபடி உள்ளே போக வேண்டும்.

ஓரவெட்டு:

மேலே சொன்னதோடு வார்னிஷையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். நிறையப் பேர் முன்பக்கம் மட்டும் பெயின்ட், வார்னிஷ் அடித்துவிட்டுப் பின்பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். ஈரம் அந்த வழியாகத்தான் நுழைகிறது. இரண்டே வாரத்தில் நட்சத்திரத்தின் கால்கள் தொய்ந்து நூலோடு கழன்று விழும். முன், பின், ஓரம், துளையின் உட்புறம் என்று எல்லா இடத்திலும் இரண்டு பூச்சு வேண்டும். முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது.

ஓவன் இல்லாதவர்கள் கம்பி வலைத் தட்டில் வைத்து உலர்த்தலாம். நான்கு நாள் முதல் ஒரு வாரம் பிடிக்கும். தட்டையான தட்டில் வைத்தால் மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும், அடிப்பக்கம் ஈரமாகவே கிடக்கும். அதனால்தான் கிண்ணம் போல் வளைகிறது. வலைத் தட்டும், காலை மாலை திருப்பிப் போடுவதும்தான் இதற்கு மருந்து.

வீட்டில் நாய் இருந்தால் இந்தத் தொங்கல்களை மரத்தின் கீழ்க் கிளைகளில் மாட்டவே கூடாது. அத்தனை உப்பு நாயின் உடம்புக்கு விஷம். பச்சை மாவும் அப்படித்தான்.

வெண்களிமண்:

மைதா எப்படியும் லேசாக மஞ்சள் தட்டும். பளிச்சென்ற வெள்ளை வேண்டுமானால் வேறு வழி இருக்கிறது. 2 கப் சமையல் சோடா, 1 கப் கார்ன்ஃப்ளோர், ஒன்றேகால் கப் தண்ணீர். மூன்றையும் குளிர்ந்த நிலையிலேயே கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, பிறகு மிதமான தீயில் வைத்துக் கிளறுங்கள். முதலில் ஒன்றும் ஆகாதது போலவே இருக்கும், பிறகு திடீரென்று இறுகும். மசித்த உருளைக்கிழங்கு பதம் வந்ததும் இறக்கிவிடுங்கள். இன்னும் ஒரு நிமிடம் என்று விட்டால் ஈரம் போய், தேய்க்கும்போது பொலபொலவென்று உதிரும். ஈரத்துணி போட்டு மூடி ஆறவிட்டுப் பிசையுங்கள்.

இதற்கு 80 டிகிரி போதும், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக. விரிசல் விட்டால் இரண்டு காரணங்கள்தான்: கனம் 6 மி.மீ.-ஐத் தாண்டியது, அல்லது மின்விசிறிக்கு நேர் கீழே உலர்த்தியது. சின்ன விரிசலில் ஈர விரலால் தேய்த்தாலே மூடிக்கொள்ளும், ஆனால் காய்வதற்கு முன்பு. உப்பு மாவை விட இது பார்க்க அழகு. கீழே விழுந்தால் உடைவதிலும் இதுதான் முதல். குழந்தையின் கைரேகை, பெயர் மாதிரி வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டியவற்றுக்கு உப்பு மாவையே 8 மி.மீ. கனத்தில் எடுத்துக்கொள்ளலாம். அதற்கேற்ப உலர்த்தும் நேரம் கூடும்.

கத்தரியும் பசையும்:

காகிதப் பந்து. 5 செ.மீ. விட்டமுள்ள வட்டங்கள் 20 வேண்டும். ஒரு ஏ4 தாளில் அகலவாட்டில் 4, நீளவாட்டில் 5 என்று சரியாக 20 வட்டம் அடங்கும். ஆக ஒரு தாள், ஒரு பந்து. பழைய வாழ்த்து அட்டைகள், நாள்காட்டித் தாள்கள் இதற்கென்றே பிறந்தவை. சாதாரண 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) பிரின்டர் தாள் தொளதொளவென்று இருக்கும். 120 முதல் 160 வரை நல்லது. அதைவிடத் தடிமனான அட்டையில் மடிப்புக் கோட்டை மை தீர்ந்த பேனாவால் கீறிவிட்டு மடித்தால் வெடிக்காது.

முதலில் ஒரு முக்கோண அச்சு. காம்பஸை 2.5 செ.மீ. விரித்து வட்டம் போட்டு, அதே விரிவை மாற்றாமல் வட்டத்தின் மேல் சுற்றிவரக் குறித்தால் ஆறு புள்ளிகள் கிடைக்கும். ஒன்று விட்டு ஒன்று சேருங்கள், சமபக்க முக்கோணம். அதைக் கெட்டி அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு, 20 வட்டத்தையும் அந்த அச்சின் மேல் வைத்தே மடியுங்கள். கண்மதிப்பில் மடித்தால் ஒவ்வொன்றிலும் அரை மி.மீ. பிசகும், எல்லாம் சேர்ந்து கடைசியில் மூடி பொருந்தாமல் வாயைப் பிளந்து நிற்கும். பந்து மூடவில்லை என்று புலம்புகிறவர்கள் பசையைக் குறை சொல்கிறார்கள். குற்றம் மடிப்பில்தான்.

மடித்ததில் ஒவ்வொரு வட்டத்திலும் கிடைக்கும் மூன்று மடல்களும் வெளிப்பக்கம் நிமிர்ந்திருக்க வேண்டும், மடலோடு மடலைத்தான் ஒட்ட வேண்டும். 5 வட்டங்களை ஒரு மையத்தில் முனை சேரும்படி ஒட்டினால் மேல் மூடி. அதே போல் இன்னொரு 5 கீழ் மூடி. மிச்சமுள்ள 10-ஐ ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக வரிசையில் ஒட்டி வளையமாக்கி, மேலும் கீழும் மூடிகளைப் பொருத்துங்கள். தொங்கவிடும் நூலை மேல் மூடியின் நடுவில் கோத்து, உள்பக்கம் ஒரு மணியோ பொத்தானோ கட்டிவிட்டுத்தான் மூடியை ஒட்ட வேண்டும். எல்லாம் முடிந்தபின் ஞாபகம் வந்தால் நூல் நுழைய வழி இருக்காது. முழுப் பந்து ஏறக்குறைய 9 செ.மீ. இருக்கும்.

பசை குச்சி வடிவில் உள்ளதே நல்லது. தண்ணீர்ப் பசை மடலைச் சுருக்கிவிடும்.

மறுசுழற்சி:

சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்க வெள்ளி நிறத்தை யாரும் சொல்லவில்லையே! பாத்திரம் கழுவும் சோப்பால் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவித் துடைத்து, இரண்டு தாளுக்கு நடுவில் வைத்து மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டால் கசங்கல் போய்விடும். சூடு கொஞ்சம் கூடினாலும் சுருண்டுவிடும் என்பதால் முதலில் ஓரத்துண்டில் சோதியுங்கள். பிறகு நட்சத்திரமாகவோ மெல்லிய ஜரிகையாகவோ வெட்டலாம். ஜிகினாத் தூளுக்கு இது எவ்வளவோ மேல். ஜிகினா பசையோடு நிற்பதில்லை, அடுத்த வருடம் வரை தரையில் மின்னும்.

கொக்கிக்குப் பேப்பர் கிளிப்பை விரித்து எஸ் வடிவில் வளைத்தால் போதும். சீரியல் லைட் எல்.இ.டி.யாகவே இருக்கட்டும். பழைய குமிழ் பல்புகள் சூடாகும். காகிதத்தை அவற்றின் பக்கத்தில் வைக்கக் கூடாது.

நூல்கண்டு:

நூல் பந்து செய்பவர்களுக்கு. பலூனை 8 செ.மீ. விட்டம் வரை மட்டும் ஊதி, மேலெல்லாம் வாஸ்லின் தடவுங்கள். வெள்ளைப் பசை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. பருத்தி நூல்தான் பசையை உறிஞ்சும், நைலான் உறிஞ்சாது. ஒரு சுற்றுக்குக் கால் மீட்டர் என்று வைத்தால் அறுபது சுற்றுக்கு 15 மீட்டர். இதற்குக் குறைந்தால் பலூனை எடுத்ததும் பந்து தானே அமுங்கும். ஒரே திசையில் சுற்றாமல் ஒவ்வொரு சுற்றுக்கும் கோணத்தை மாற்றுங்கள். நூல்கள் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள்தான் பந்தைத் தாங்குகின்றன.

முழுதாக 24 மணி நேரம் காய வேண்டும். பலூனைப் பட்டென்று வெடிக்கக் கூடாது, அது நூலையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். முதலில் பென்சில் முனையால் நூல் இடுக்குகளில் பலூனை மெல்ல அழுத்தி ஒட்டலை விடுவித்துவிட்டு, முடிச்சுக்குப் பக்கத்தில் ஊசியால் குத்திக் காற்றை மெதுவாக விடுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள். சூட்டில் பலூன் விரிந்து, மாலையில் சுருங்கி, பசை பிடிப்பதற்குள் நூல் தளர்ந்துவிடும்.

திரிவிளக்கு:

மரம் போதும், பரிசுக்கு வருவோம். காலி ஜாம் பாட்டிலில் மெழுகுவத்தி.

200 மி.லி. பாட்டிலுக்கு 160 கிராம் சோயா மெழுகு போதும். மேலே ஒன்றரை செ.மீ. காலியாக விட வேண்டும். மெழுகை நேரடித் தீயில் வைக்கவே கூடாது. கொதிக்கும் தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துத்தான் உருக்க வேண்டும். 75 முதல் 80 டிகிரி வந்ததும் இறக்கி, 10 கிராம் வாசனை எண்ணெய் விட்டு இரண்டு நிமிடம் கலக்குங்கள். 10 கிராம் என்பது 6 சதவீதம் சொச்சம். வாசனை தூக்கலாக இருக்கட்டும் என்று இரட்டிப்பாக ஊற்றினால் மெழுகு பிடித்துக்கொள்ளாது, மேலே எண்ணெய் வேர்க்கும். 55 முதல் 60 டிகிரிக்கு ஆறியதும் ஊற்றுங்கள். பாட்டில் துளியும் ஈரமில்லாமல் லேசாக வெதுவெதுப்பாக இருக்கட்டும். தண்ணீர்த் துளி இருந்தால் எரியும்போது படபடவென்று பொரியும்.

திரியின் அடித்தகட்டைப் பசையால் ஒட்டிவிட்டு, மேல்முனையை இரண்டு ஐஸ்கிரீம் குச்சிகளுக்கு நடுவில் பிடித்து நிறுத்துங்கள். ஆறும்போது மெழுகு சுருங்குவதால் திரியைச் சுற்றிப் பள்ளம் விழும். அதற்காகவே கொஞ்சம் மெழுகு மிச்சம் வைத்து இரண்டாம் முறை ஊற்ற வேண்டும். எரிக்கும்போது நடுவில் மட்டும் குழி விழுந்து ஓரம் உருகாமல் நின்றால் திரி பாட்டிலுக்கு மெல்லியது. புகை கக்கினால் தடிமன். நிறத்துக்குக் கிரேயான் போடச் சொல்லும் குறிப்புகளை நம்பாதீர்கள், அதிலுள்ள நிறமித் துகள்கள் திரியை அடைத்துச் சுடரை அணைத்துவிடும். மெழுகு தீப்பிடித்தால் மூடி போட்டு அமுக்குங்கள். தண்ணீர் ஊற்றினால் தீ சீறும்.

பரிசோடு ஒரு சீட்டு: திரியை 5 மி.மீ. விட்டு வெட்டவும், முதல் முறை ஏற்றும்போது மேல்பரப்பு ஓரம் வரை உருகிய பிறகே அணைக்கவும்.

நுரைப்பூ:

சோப் பேஸ் (உருக்கி அச்சில் ஊற்றுவதற்கான ஆயத்த சோப்) 500 கிராமில் நூறு கிராம் கட்டிகள் ஐந்து. 2 செ.மீ. துண்டுகளாக்கி மைக்ரோவேவில் 30 விநாடி வீதம் உருக்குங்கள். கொதித்தால் ரப்பராகும். உலர்ந்த பூவிதழ் போட்டால் படத்துக்கு அழகு. சில வாரத்தில் பெரும்பாலான இதழ்கள் பழுப்பாகி அழுகியது போல் தெரியும். ஆறியதும் உடனே பிளாஸ்டிக் உறையில் இறுக்கிச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுத்து மேலே முத்து முத்தாக வேர்க்கும்.

சர்க்கரை ஸ்க்ரப் (தோலில் தேய்த்துக் கழுவும் கலவை) என்றால் 1 கப் சர்க்கரைக்கு அரை கப் தேங்காய் எண்ணெய். 24 டிகிரிக்கு மேல் எண்ணெய் உருகிப் பிரியும். கெட்டதல்ல, கலக்கினால் சரி. எலுமிச்சைச் சாறு, பச்சை இலை என்று ஈரமான எதையும் சேர்க்காதீர்கள். தண்ணீர் நுழைந்த நாளே பூஞ்சைக்குக் கணக்குத் தொடங்கிவிடும்.

தையல்பெட்டி:

பெரியவர்களுக்குக் கழுத்து ஒத்தடப் பை. முழுப் பருத்தித் துணி 17க்கு 27 செ.மீ., இரண்டு துண்டு, ஒரு செ.மீ. தையல் இடம். 6 செ.மீ. வாய் விட்டுத் தைத்துத் திருப்பி, பச்சரிசியை மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்புங்கள். பிதுங்கப் பிதுங்க நிரப்பினால் கழுத்தில் படியாது. ஜரிகை, உலோகப் பொத்தான் கூடாது, மைக்ரோவேவில் பொறி பறக்கும். பாலியஸ்டர் உருகும். அரிசிப் பையைத் துவைக்க முடியாது என்பதால் கழற்றக்கூடிய மேலுறை ஒன்று அவசியம்.

சூடாக்கும் விதத்தைச் சீட்டில் எழுதித் தையுங்கள்: பக்கத்தில் ஒரு குவளை தண்ணீர் வைத்து, ஒரு நிமிடம், பிறகு தேவைப்பட்டால் 30 விநாடி. முழுதாக ஆறாமல் மறுபடி சூடாக்கினால் அரிசி உள்ளே கருகித் தீப்பிடிக்கவும் கூடும். படுக்கையில் போட்டுக்கொண்டு தூங்குவதற்கானதல்ல, கைக்குழந்தைக்கும் ஆகாது.

மாவுக்கை:

நாள் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். சோயா மெழுகில் வாசனை செட்டாக ஒன்றிரண்டு வாரம் வேண்டும், ஆகவே டிசம்பர் 10-க்குள் ஊற்றிவிட வேண்டும். உப்பு மாவும் வார்னிஷும் 12-க்குள். காகிதப் பந்து எப்போது வேண்டுமானாலும். ஸ்க்ரப் 20-க்குப் பிறகு.

சுற்றிக் கொடுக்கத் தாள் வாங்க வேண்டாம், சதுரத் துணி போதும். துணியின் மூலைவிட்டம் பரிசின் நீளத்தைப் போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும்: 20 செ.மீ. பெட்டிக்கு 45 செ.மீ. சதுரம்.

ஓரவெட்டு:

எடுத்து வைப்பதைப் பற்றியும் சொல்லிவிடலாம். உப்பு மாவுத் தொங்கல்களை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில், செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். செய்தித்தாள் மை வெள்ளைக் களிமண்ணில் ஒட்டும், அதற்கு மட்டும் டிஷ்யூ. நூல் பந்துகள் மேலே, மாவு கீழே.