புதுப்பிப்பு: ஸ்பிட்டி பாதைக்கு எடுத்துச் சென்ற கருவிகளில் எவை உதவின

இமாச்சலப் பிரதேசத்தில் கிராம்பூவிலிருந்து பாதல், குன்சும் கணவாய் வழியாக லோசர் செல்லும் கரடுமுரடான பாதைக்கு எந்தக் கருவிகளும் உதிரிகளும் தேவை என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பாதலுக்கு முன்பாகவே கூரான கல் ஒன்று டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிட்டது. அத்தகைய கிழிசலைப் பஞ்சர் திரி நம்பகமாக அடைக்காது என்பதால் ஸ்டெப்னியை மாற்ற வேண்டியதாயிற்று. சரளையில் ஜாக்கி புதைந்துகொண்டே போனபோது, உங்களில் ஒருவர் வற்புறுத்தியதால் (வீண் சுமை என்று முணுமுணுத்தபடியே) எடுத்துச் சென்ற ஓரடிச் சதுரப் பலகையை ஜாக்கியின் அடியில் வைத்ததுதான் கைகொடுத்தது.

எதிர்பாராதவை இரண்டு. டயர்களின் காற்றழுத்தத்தை 32 பிஎஸ்ஐயிலிருந்து 24க்குக் குறைத்து ஓட்டிவிட்டு லோசரில் மீண்டும் நிரப்ப முயன்றபோது, சிகரெட் லைட்டர் துளையில் செருகிய கம்ப்ரசர் அந்தத் துளைக்கான 15 ஆம்பியர் ஃப்யூஸை எரித்துவிட்டது. உதிரி ஃப்யூஸ் இருந்ததால் தப்பித்தேன் என்றாலும், பேட்டரியையே நேரடியாகக் கவ்வும் கிளிப்புகள் கொண்ட கம்ப்ரசரை வாங்குவதே சரி. மறுநாள் காலை, குலுக்கலில் பேட்டரி டெர்மினல் தளர்ந்திருந்ததால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, 10 மி.மீ. ஸ்பேனரால் இறுக்கியவுடன் கிளம்பியது. இழுவைக் கயிற்றுக்கு வேலையே வரவில்லை.