‘1984’ கடைசி அத்தியாயம்: அந்த 5 இருக்கிறதா, இல்லையா?

கணக்கு டீச்சர்

ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ படித்தவர்களிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். இன்னும் படிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். முடிவைச் சொல்லிவிட்டேன் என்று பிறகு திட்டாதீர்கள்.

நான் இதை முதலில் படித்தது 1993இல், பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருந்த வருடம். கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் எட்டு ரூபாய்க்கு வாங்கிய பென்குயின் பிரதி. கடைசி அத்தியாயத்தில், ஆட்சியை எதிர்த்து மாட்டிக்கொண்டு, இரண்டும் இரண்டும் ஐந்து என்று ஒத்துக்கொள்ளும்படி சித்திரவதை செய்யப்பட்டு, எல்லாம் முடிந்து வெளியே விடப்பட்ட கதாநாயகன் வின்ஸ்டன், செஸ்ட்நட் ட்ரீ கஃபேயில் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து கிராம்பு வாசனை ஜின் குடித்துக்கொண்டிருப்பான். எதிரே சதுரங்கப் பலகை. மேசைத் தூசியில் விரலால், தன்னையறியாமல் ஏதோ எழுதுவான். என் பிரதியில் அது இப்படி இருந்தது:

2 + 2 =

அவ்வளவுதான். சமக்குறிக்கு அப்புறம் வெறும் காகிதம். எனக்கு முன்னால் அந்தப் புத்தகத்தை வைத்திருந்த யாரோ அங்கே பென்சிலால் ‘4?’ என்று எழுதியிருந்தார்.

நான் கணக்குச் சொல்லித்தருகிறவள். விடை தெரியாத பிள்ளை பெரும்பாலும் சமக்குறி வரைக்கும் வராது. சமக்குறி போட்டுவிட்டுப் பேனாவைத் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிற பிள்ளைக்கு விடை தெரியும், எழுதத்தான் பயம். வின்ஸ்டனையும் நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். வாயால் ஐந்து என்று சொல்லிவிட்டான், விரல் மட்டும் இன்னும் சொல்லவில்லை. இந்த முப்பது வருடத்தில் எத்தனையோ பேரிடம் ‘1984 சோகமாக முடிகிற கதை இல்லை’ என்று வாதாடியிருக்கிறேன்.

போன வாரம் மகள் கல்லூரிக்காகப் புதுப் பிரதி வாங்கினாள். அதில் பளிச்சென்று ‘2 + 2 = 5’. பழைய செய்தித்தாளைத் திருத்தி எழுதுவதுதானே வின்ஸ்டனின் உத்தியோகம்? அந்த ஆட்கள் என் புத்தகத்திலும் கைவைத்துவிட்டார்களோ என்று ஒரு கணம் தோன்றியது. சிரிக்காதீர்கள். ஆர்வெல் எழுதியது எது? 5தான் என்றால், நான் படித்த முடிவு தப்பா?

ஈய எழுத்து

டீச்சர், யாரும் திருத்தவில்லை. விழுந்துபோனதைத் திரும்ப எடுத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 1949 ஜூனில் வந்த முதல் பதிப்பில் 5 இருக்கிறது. அப்புறம் பிரிட்டனில் போட்ட மறு அச்சு ஒன்றில் அந்த ஒற்றை எண் உதிர்ந்துவிட்டது. பென்குயின்காரர்கள் பல வருடம் அதையே பார்த்து அச்சடித்தார்கள். அமெரிக்கப் பதிப்பில் 5 பத்திரமாக இருந்தது. பீட்டர் டேவிசன் என்பவர் ஆர்வெல்லின் எழுத்து முழுவதையும் ஒப்பிட்டுப் பதிப்பித்தபோது, 1980களின் கடைசியில்தான், பிரிட்டிஷ் வாசகர்களுக்கு 5 திரும்பக் கிடைத்தது.

எங்கள் அப்பா கும்பகோணத்தில் கம்பாசிட்டர், அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோக்கிறவர். வரி நடுவில் நிற்கிற எழுத்தை இரண்டு பக்கமும் மற்ற எழுத்துகள் பிடித்துக்கொள்ளும். வரிக் கடைசியில், அதுவும் தனி வரியில் நிற்கிற எண்ணுக்கு அந்தப் பிடிமானம் குறைவு. எழுத்துகளை இறுக்குகிற முடுக்கு கொஞ்சம் தளர்ந்திருந்தால் மை உருளையோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். ஒரு முறை கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரத்தின் 9 அப்படித்தான் போனது. அப்பா ராத்திரி முழுக்க உட்கார்ந்து முந்நூறு பத்திரிகையிலும் பேனாவால் 9 போட்டார். அந்த 9இல் நம்பிக்கை, தத்துவம் எதுவும் கிடையாது.

இன்னொன்று. கடைசிச் சித்திரவதை நடக்கிற 101ஆம் அறைக்குப் போவதற்கு முன்பே, சிறை அறையில் சிலேட்டும் பென்சிலும் கொடுத்தபோது, ‘இரண்டும் இரண்டும் ஐந்து’ என்று வின்ஸ்டன் தானாகவே எழுதிவிட்டான். கஃபேயில் தயங்க என்ன இருக்கிறது?

நள்ளிரவு பஸ்

5 இருந்தால் என்ன, 4 இருந்தால் என்ன, கடைசியில் சுட்டுக் கொன்றுவிடுகிறார்களே அக்கா? ‘நெடுநாள் காத்திருந்த தோட்டா’ மூளைக்குள் போகிறது என்று தெளிவாக இருக்கிறது. கடைசிப் பக்கம் வின்ஸ்டன் சாகிற பக்கம் என்றுதான் நான் படித்தேன்.

ஈய எழுத்து

தம்பி, அதற்கு அடுத்த பத்தியையும் படி. வின்ஸ்டன் அப்போதும் கஃபேயில்தான் இருக்கிறான். ஆப்பிரிக்காவில் வெற்றி என்று அரசாங்கத் திரையான டெலிஸ்கிரீனில் எக்காளம் ஊதுகிறது, அந்தப் போதையில் விசாரணைக் கூண்டு, வெள்ளை ஓடு பதித்த நடை, பின்னால் துப்பாக்கியோடு காவலன் என்று கனவு காண்கிறான். அப்புறம் மூக்கின் இரண்டு பக்கமும் ஜின் வாடையோடு கண்ணீர் வழிகிறது. செத்தவன் அழமாட்டான். கொல்லாமல் விட்டதுதான் அந்த ஆட்சியின் சாமர்த்தியம். முழுசாகத் தங்கள் பக்கம் வராதவனைக் கொல்லமாட்டோம் என்று, சித்திரவதை செய்த ஓ’பிரையன் முன்பே சொல்லிவிட்டானே.

கெடு தாண்டிய மொழிபெயர்ப்பாளன்

எல்லோரும் ‘பெரியண்ணனை அவன் நேசித்தான்’ என்ற வரியோடு புத்தகத்தை மூடிவிடுகிறீர்கள். (பெரியண்ணன், அதாவது ‘பிக் பிரதர்’, அந்த ஆட்சியின் தலைவன். நம்மூரில் பெரியண்ணன் என்றால் கல்யாண வீட்டில் பந்தியைக் கவனிக்கிற ஆள். இந்த நாவலைத் தமிழில் நினைக்கும்போதெல்லாம் எனக்கு அங்கேயே கொஞ்சம் பயம் குறைந்துவிடுகிறது.) அந்த வரிக்குப் பிறகும் புத்தகம் இருக்கிறது. எதிர்த்து நினைக்கவே சொல் இல்லாதபடி ஆட்சி உருவாக்குகிற நியூஸ்பீக் மொழியைப் பற்றிய பின்னிணைப்பு. யாரும் படிப்பதில்லை, இலக்கணப் பாடம் மாதிரி இருக்கும்.

அதைச் சாதாரண ஆங்கிலத்தில், நிதானமாக, எல்லாம் முடிந்துபோன தொனியில் ஒருவர் எழுதுகிறார். முதல் அத்தியாயத்திலேயே ஓர் அடிக்குறிப்பு வரும்: நியூஸ்பீக், கதை நடக்கிற ஓசியானியா நாட்டின் அதிகார மொழியாக ‘இருந்தது’. இருக்கிறது அல்ல, இருந்தது. நியூஸ்பீக் ஜெயித்திருந்தால் இப்படி ஒரு கட்டுரையை எழுதவே சொற்கள் இருந்திருக்காது. ஆகவே ஆட்சி விழுந்துவிட்டது, யாரோ பிற்காலத்து ஆராய்ச்சியாளர் எழுதுகிறார் என்று வாசிக்கிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சி. உறுப்பினர்களுக்குப் புத்தகம் விற்கிற அமெரிக்காவின் புக் ஆஃப் தி மந்த் கிளப் இந்தப் பின்னிணைப்பையும், கதைக்குள் ஆட்சியின் எதிரியாக வருகிற கோல்ட்ஸ்டைனின் புத்தகப் பகுதியையும் வெட்டச் சொன்னது. பெரிய பணம் கைவிட்டுப் போகலாம் என்று தெரிந்தும் ஆர்வெல் மறுத்தார். அப்போது காசநோயில் படுத்திருந்தவர், 1950 ஜனவரியில் இறந்துபோனார். கிளப்காரர்கள் கடைசியில் அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

டீச்சருக்கு ஒரு எண். பின்னிணைப்பின் கடைசிச் சொல் ‘2050’. நியூஸ்பீக்கை முழுசாக நடைமுறைக்குக் கொண்டுவர வைத்த வருடம். ஏன் அவ்வளவு தாமதம்? ஷேக்ஸ்பியர், மில்டன், டிக்கன்ஸையெல்லாம் நியூஸ்பீக்கில் பெயர்க்க நேரம் வேண்டுமாம். மொழிபெயர்ப்பாளர்கள் கெடு தாண்டுவதால் உலகத்துக்கு ஒரு நன்மை உண்டு என்று என் பதிப்பாளரிடம் காட்ட வேண்டும்.

ஈய எழுத்து

நாவல் முழுக்க இறந்தகாலத்தில்தான் இருக்கிறது ஐயா. பின்னிணைப்பும் அதே கதைசொல்லியின் குரலில் தொடர்கிறது, அவ்வளவுதான். ஆட்சி விழுந்தது என்று சொல்ல நினைத்திருந்தால் ஒரு வரியில் சொல்லியிருக்கலாமே, ஆர்வெல் பூடகமாகப் பேசுகிற ஆள் இல்லை. உங்களுக்கு நம்பிக்கை வேண்டும், அதனால் வினைமுற்றில் போய்த் தேடுகிறீர்கள். டீச்சர் உதிர்ந்த எழுத்தில் தேடினார்.

கணக்கு டீச்சர்

ஈய எழுத்து சொன்னது சுருக்கென்று இருந்தது, ஆனால் நியாயம். என் வெற்றிடம் அச்சுப்பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். பின்னிணைப்பு வாதம் எனக்கு ஒட்டவில்லை. எப்போதோ யாரோ ஆட்சியைக் கவிழ்த்தால் கஃபேயில் உட்கார்ந்திருக்கிற இந்த மனிதனுக்கு என்ன?

நேற்று ராத்திரி மகளின் பிரதியில் கடைசி அத்தியாயத்தை மட்டும் திரும்பப் படித்தேன். தூசியில் 5 எழுதிய பிறகு, எக்காளம் ஊதுவதற்குச் சற்று முன்னால், கூப்பிடாமலே ஒரு ஞாபகம் வருகிறது. ஒன்பது பத்து வயசு, வெளியே மழை. அவன் படுத்துகிற பாடு தாங்காமல் அம்மா மழையில் போய் ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்கி வருகிறாள். பலகை விரிசல் விட்டிருக்கிறது, கட்டைகள் சரியாகச் செதுக்கப்படாமல் ஒழுங்காக உட்காரவே மாட்டேன் என்கின்றன. பையன் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். அப்புறம் அம்மாவும் பிள்ளையும் தரையில் உட்கார்ந்து விளையாடுகிறார்கள். குட்டித் தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை, மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரிக்கிறாள்.

அது என்ன விளையாட்டு தெரியுமா? ஏணியும் பாம்பும். நம் பரமபதம்! அவர்கள் எட்டு ஆட்டம் ஆடுகிறார்கள். ஆளுக்கு நான்கு ஜெயிக்கிறார்கள்.

நான்கும் நான்கும் எட்டு. ஐந்து எழுதிய அதே மண்டைக்குள், சில பக்கம் தள்ளி, கணக்கு சரியாக இருக்கிறது. உடனே ‘பொய் ஞாபகம்’ என்று அதைத் தள்ளிவிடுகிறான், தெரியும். இப்படி அவ்வப்போது வந்து தொந்தரவு செய்யும் என்றும் எழுதியிருக்கிறது. அப்படியென்றால் அதற்கு முன்பும் வந்திருக்கிறது.

முப்பது வருடமாக அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் இந்தப் பக்கத்தை ஓட்டமாகத் தாண்டியிருக்கிறேன். ஈய எழுத்து, ஒன்று கேட்கலாமா? அப்பா 9 போட்ட பத்திரிகை ஏதாவது உங்களிடம் மிச்சம் இருக்கிறதா?

ஈய எழுத்து

எட்டு ஆட்டம், ஆளுக்கு நான்கு. எடுத்துப் பார்த்தேன், இருக்கிறது. நான் கவனித்ததே இல்லை. ஆனாலும் எக்காளம் அதற்கு அப்புறம்தான் ஊதுகிறது டீச்சர், அதை நீங்களும் தாண்ட முடியாது.

பத்திரிகை ஒன்று இருக்கிறது, பூஜை அலமாரியில். எல்லாம் சிவப்பு மை, 9 மட்டும் நீலம்.