பழைய 303 ரைஃபிளுக்கு வீட்டில் வார்த்த ஈயக் குண்டு: சரியா, தவறா?

வடதுருவன்:
ராணுவ உபரி ரைஃபிளில் ஈயக் குண்டு போடுவது அந்தத் துப்பாக்கிக்குச் செய்யும் துரோகம் என்று கோட்டைச்சாமி அண்ணன் இன்னொரு இழையில் எழுதியிருந்தார். அங்கே பதில் சொன்னால் பேச்சு திசைமாறிவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன். என்னிடம் இருப்பது கனடாவின் லாங் பிராஞ்ச் ஆலையில் 1943ல் செய்த நம்பர் 4 லீ என்ஃபீல்ட், 303 தோட்டா போடும் பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள். தகர டப்பாவில் அடைத்த மலிவான ராணுவத் தோட்டா கிடைத்த காலம் போய்விட்டது, கடையில் வாங்கும் செம்பு உறைத் தோட்டாவை மாதம் நான்கு முறை சுட்டால் வீட்டில் கணக்குக் கேட்பார்கள். ஆனால் சுட்டபின் மிஞ்சும் பித்தளைத் தோட்டாக் கூட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஈயத்தை உருக்கி நாமே குண்டு வார்த்து, வெடிமருந்தைக் குறைத்துப் போட்டால் செலவில் பெரும்பகுதி பிரைமருக்குத்தான், அதாவது கூட்டின் அடியில் அடிபட்டு மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடிக்குத்தான், போகும். தோளும் வலிக்காது. இந்த ரைஃபிள்கள் அலமாரியில் துருப்பிடிக்காமல் சுடும் திடலுக்கு வரவேண்டுமென்றால் எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை.

கோட்டைச்சாமி:
தம்பி, செலவைப் பற்றி நான் சண்டை போடவே இல்லை. இந்த ரைஃபிள் எதற்காகப் பிறந்தது என்று பாருங்கள். சுவிட்சர்லாந்தில் ரூபின் 1880களின் தொடக்கத்தில் குண்டுக்குச் செம்பு உறை போட்டதே, சின்ன விட்டமும் அதிக வேகமும் வந்தபோது வெறும் ஈயம் குழலுக்குள் தாங்கவில்லை என்பதால்தான். பிரிட்டன் 1888ல் லீ மெட்ஃபோர்டை எடுத்தபோது மருந்து இன்னும் கரும்பொடிதான், அப்போதே குண்டுக்கு உலோக உறை இருந்தது. பின்னால் வந்த 303 மார்க் 7 தோட்டா 174 கிரெயின் (சுமார் 11 கிராம்) குண்டை வினாடிக்கு 2440 அடி வேகத்தில் தள்ளும். அந்தக் குழலில் ஈயத்தைத் தேய்த்து, குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளம் முழுக்க அப்பிக்கொண்டு, அப்புறம் வாரக்கணக்கில் தேய்த்து எடுப்பதில் எனக்கு விருப்பம் இல்லை.

மைக்ரோமீட்டர்:
வரலாறு சரி, அதிலிருந்து எடுத்த முடிவு தவறு. ஈயக் குண்டை யாரும் 2440 அடி வேகத்தில் சுடுவதில்லை. 1500லிருந்து 1800 வரை, அதுவும் குண்டின் அடியில் கேஸ் செக் என்கிற சின்னச் செம்புத் தொப்பியை மாட்டித்தான் சுடுகிறார்கள். குழலில் ஈயம் அப்புவதற்குப் பெரும்பாலும் காரணம் ஈயம் மென்மையாக இருப்பது இல்லை, குண்டு சிறியதாக இருப்பது. குண்டுக்கும் பள்ளத்துக்கும் இடையில் சந்து இருந்தால் சூடான வாயு அதன் வழியாகப் பீறிட்டுக் குண்டின் ஓரத்தை அரித்து, அந்த ஈயத்தைத்தான் குழலில் பூசுகிறது. பலர் இது தெரியாமல் இன்னும் கடினமான கலவையைத் தேடிப் போகிறார்கள், கடினமான சிறிய குண்டு விரிந்து சந்தை அடைக்காது, நிலைமை இன்னும் மோசமாகும்.

போர்க்கால லீ என்ஃபீல்டில் பள்ளத்தின் விட்டம் 0.311 அங்குலத்தில் இருந்து 0.316 வரைகூட இருக்கும். கடைக் குண்டு 0.311 அல்லது 0.312. அகலமான குழலில் கடைக் குண்டு தளர்வாகப் போய்த் தாள் முழுக்கச் சிதறும், வார்த்த குண்டை உங்கள் குழலுக்கு ஏற்ற அளவிலேயே செய்துகொள்ளலாம், பள்ளத்தைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு பெரிதாக. அண்ணன் துரோகம் என்று சொல்வதுதான் சில ரைஃபிள்களுக்கு நேர்த்தியான பொருத்தம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். எண்ணெய் தடவிய குழலில் மென்மையான ஈயத் துண்டைத் தள்ளி எடுத்து அளப்பார்கள் அல்லவா, என்ஃபீல்டில் பொதுவாக ஐந்து பள்ளம், பள்ளத்துக்கு நேர் எதிரே மேடுதான் வரும். சாதாரண வெர்னியரில் அளந்தால் அளவு குறைத்துக் காட்டும். அதை நம்பிக் குண்டு வார்க்கும் அச்சு வாங்கினால் குண்டு சிறியதாகிவிடும். V வடிவ அடியுள்ள மைக்ரோமீட்டர் வேண்டும். போர்க்காலத்தில் இரண்டே பள்ளத்தோடு வந்த குழல்களும் உண்டு, அவற்றை அளப்பது எளிது.

கோட்டைச்சாமி:
சரி, அளவு விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் நான் உண்மையில் பயப்படுவது வேறு. 303 கூடு பெரியது. குறைந்த வேகத்துக்கு வேகமாக எரியும் மருந்தைக் கொஞ்சம் போடுகிறீர்கள், அது அடியில் கால்வாசிகூட நிறையாமல் கிடக்கும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இரண்டாம் முறை அதே கூட்டில் கொட்டினாலும் வழியாது, குண்டும் ஒழுங்காக உட்கார்ந்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. முழு மருந்துத் தோட்டாவில் இந்தத் தவறைச் செய்யவே முடியாது, கூடு வழிந்துவிடும். நீங்கள் மிதமானது, பாதுகாப்பானது என்கிறீர்கள், ஆனால் மிதமான தோட்டாவில்தான் ரைஃபிளை உடைக்கும் தவறு ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. லீ என்ஃபீல்டில் குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் காதுகள் அதன் பின்பக்கம் இருக்கின்றன. முகத்துக்கு ஒரு சாண் தூரம்.

வடதுருவன்:
இதை லேசாகச் சொல்லித் தப்பிக்க மாட்டேன், ஈயக் குண்டின் உண்மையான ஆபத்து இதுதான். ஆனால் இதற்கு முறை இருக்கிறது. எல்லாக் கூட்டையும் மரப்பலகையில் நிறுத்தி, மருந்து போட்டு முடித்ததும் குண்டு வைப்பதற்கு முன்னால் விளக்கடித்து ஒவ்வொன்றாக உள்ளே பார்க்கவேண்டும், ஒரே வரிசையில் ஒரே மட்டம் இருக்கவேண்டும், ஏற்றத்தாழ்வு கண்ணில் பட்டால் மொத்தத்தையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து. பேச்சு, போன் எதுவும் கூடாது. இடத்தை நிறைக்கும் பொதபொதப்பான மருந்தைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு முறை போட்டாலே வழிந்து காட்டிக்கொடுக்கும், டிரெயில் பாஸ் என்ற மருந்து அதற்கென்றே வந்தது.

கோட்டைச்சாமி:
டிரெயில் பாஸ் கடையில் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று சொல்லுங்கள். கிடைக்காத மருந்தைத் தீர்வு என்று சொல்லக்கூடாது.

பித்தளைப்பாண்டி:
நான் இரண்டு பக்கமும் இல்லை, ஆனால் பழைய இரும்பைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அமெரிக்காவின் கிராக் ரைஃபிளில் பூட்டும் காது ஒன்றுதான். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில் செய்த 1903 ரைஃபிளில் 8,00,000க்குக் கீழே வரிசை எண் உள்ளவற்றின் இரும்பு, காய்ச்சிப் பதப்படுத்தியதில் நேர்ந்த கோளாறால் நொறுங்கும் தன்மையுள்ளது, முதல் உலகப் போர்க் காலத்தில் சில வெடித்தே போயின. கிராக்கை மென்மையாகச் சுடவேண்டும் என்றால் ஈயக் குண்டுதான் சரி. ஆனால் அந்த ஸ்பிரிங்ஃபீல்டை மென்மையான தோட்டாவிலும் சுடாதீர்கள் என்பேன், கூடு கிழிந்து வாயு பின்னால் வந்தால் அந்த இரும்பு எச்சரிக்காமல் சிதறும். குறைந்த மருந்து எல்லா நோய்க்கும் மருந்து என்று எழுதாதீர்கள்.

303க்கு ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. கூட்டின் அடியில் விளிம்பு இருப்பதால் லேசான தோட்டாவில் பிரைமர் கூட்டை முன்னால் தள்ளி, கழுத்துக்குக் கீழே சரியும் அதன் தோள்பட்டையைப் பின்னுக்கு நகர்த்தும் தொல்லை கிடையாது. அதோடு மறுபடி நிரப்பும்போது முழுக் கூட்டையும் அச்சில் அழுத்திச் சுருக்காமல் கழுத்தை மட்டும் சுருக்கினால் கூடு நீண்ட நாள் வரும். என்ஃபீல்டில் தோட்டா உட்காரும் அறை தாராளமானது, ஒவ்வொரு முறையும் முழுக்கச் சுருக்கினால் சில முறையிலேயே அடிப்பகுதி அறுந்துவிடும்.

முகில்நிலா:
நீங்கள் எல்லோரும் ரைஃபிளைப் பற்றியே பேசுகிறீர்கள், வீட்டில் இருக்கும் குழந்தையைப் பற்றி யாரும் பேசவில்லை. என் கணவரும் இதைச் செய்கிறார். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே கவனிக்கச் சொல்கிறது, 2021ல் அந்த அளவை 5லிருந்து இறக்கினார்கள். கார் கொட்டகையில் ஈயம் உருக்கிவிட்டு அதே சட்டையோடு குழந்தையைத் தூக்குகிறவர்களை எனக்குத் தெரியும்.

மைக்ரோமீட்டர்:
அக்கா சொல்வது முழுக்க நியாயம். ஒன்று சேர்க்கிறேன்: பலர் ஆவிக்குத்தான் பயப்படுகிறார்கள். ஈயம் 327 டிகிரியில் உருகும், 370 வாக்கில் வார்க்கிறோம், அந்தச் சூட்டில் வரும் ஆவி சொற்பம். ஆபத்து தூசியில் இருக்கிறது. மேலே மிதக்கும் கசடை வழித்தெடுக்கும்போது பறக்கும் பொடி, சுட்ட கூட்டைச் சுத்தம் செய்யும் உருளையில் தங்கும் தூசி, அதிலுள்ள ஈயம் பிரைமரிலிருந்து வருவது. கூட்டை உலர்வாக உருளையில் சுழற்றாமல் தண்ணீரில் கழுவுங்கள். வார்க்கும் இடத்தில் தேநீர் கூடாது, சட்டையைத் தனியாகத் துவைக்கவேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. உருகிய ஈயத்தில் ஒரு சொட்டு நீர் அகப்பட்டாலும் அது ஆவியாக வெடித்துச் சட்டி முழுவதையும் முகத்தில் அடிக்கும், ஆகவே ஈரமான துண்டை ஒருபோதும் போடாதீர்கள்.

நெல்லைக்காரன்:
இந்தியாவில் இதைச் செய்ய முடியுமா? 303 நம்ம ஊர் போலீஸ் கையில் பார்த்து வளர்ந்தவன்.

பித்தளைப்பாண்டி:
முடியாது நண்பரே. 303 இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட வகை, அரசு உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். நாங்கள் பேசுவது சட்டம் அனுமதிக்கும் நாடுகளைப் பற்றி மட்டும்.

கோட்டைச்சாமி:
வடதுருவன் தம்பிக்கு ஒன்று. பலகையில் நிறுத்தி விளக்கடித்துப் பார்க்கிறவர் கையில் எனக்குப் பயம் இல்லை. ஆனால் உங்கள் முதல் பதிவைப் படித்துவிட்டு நாளைக்கே சட்டியை அடுப்பில் வைக்கிறவர் இந்த இடம் வரை வந்து படிக்கமாட்டார். செலவு குறையும் என்பதை முதல் வரியிலும் எச்சரிக்கையை இருபதாம் வரியிலும் வைத்தால் என் எதிர்ப்பு அப்படியே நிற்கும். மருந்தின் அளவை இங்கே யாரும் எழுதவில்லை, அதற்கு நன்றி. அதை அச்சிட்ட கையேட்டில்தான் பார்க்கவேண்டும், நண்பர் சொன்னார் என்று ஆரம்பிக்கக்கூடாது.

வடதுருவன்:
முதல் பதிவில் எச்சரிக்கையை மேலே சேர்த்துவிடுகிறேன் அண்ணே. ஆனால் துரோகம் என்ற சொல்லை நீங்களும் எடுக்கவேண்டும். அமெரிக்காவில் வார்த்த குண்டுக்கென்றே சங்கம் இருக்கிறது, அவர்கள் போட்டியில் ராணுவ ரைஃபிளுக்குத் தனிப் பிரிவு வைத்து 100, 200 கஜத்தில் சுடுகிறார்கள். துப்பாக்கியை மதிக்காதவர்கள் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

கோட்டைச்சாமி:
சொல்லை எடுக்கிறேன். கருத்தை எடுக்கவில்லை. முழு உறைக் குண்டை மாதம் இருபது சுட்டுத் திருப்திப்படுவதும் ஒரு வழிதான், அதையும் எழுதுங்கள்.

சைபீரியன்:
என்னிடம் 91/30 மோசின் நாகாந்த் என்ற பழைய ரஷ்ய ராணுவ ரைஃபிள் இருக்கிறது, நானும் இதைத்தான் செய்யவேண்டுமா?

மைக்ரோமீட்டர்:
அச்சு வாங்காதீர்கள், முதலில் குண்டின் உறையிலிருந்து குழலில் ஒட்டிய செம்பு முழுவதையும் சுத்தம் செய்துவிட்டு அளந்து பாருங்கள். மோசினில் நான்கு பள்ளம், சாதாரண மைக்ரோமீட்டரே போதும். வாய்ப்பகுதியைப் பெரிதாகக் குடைந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், பழுதுபார்த்த சோவியத் ரைஃபிள்களில் அது அதிகம். அளவு எவ்வளவு என்று இங்கே போடுங்கள், அப்புறம் பேசலாம்.