மறைந்த ஸ்பீட்வே வீரர்களுக்கு அஞ்சலி

கேள்வி: பிரேக்கே இல்லாத பைக்கில் நான்கு சுற்றுகள் சீறிப்பாயும் ஸ்பீட்வே பந்தயத்தில், மறைந்த வீரர்களுக்கு ஒரு நிமிட மௌனத்தைத் தாண்டிய நிலையான அஞ்சலி ஏதும் உண்டா?

பதில் 1: போலந்தைப் பாருங்கள். 1949-இல் அந்நாட்டுச் சாம்பியனான ஆல்ஃபிரெட் ஸ்மோச்சிக், மறு ஆண்டே (பந்தயத்தில் அல்ல) சாலை விபத்தில் இறந்தார். லெஷ்னோ நகர அரங்கம் அவர் பெயரைத் தாங்குவதோடு, 1951-இல் தொடங்கிய அவரது நினைவுப் போட்டியும் அங்கேதான் நடக்கிறது. சிலையைவிட, எஞ்சின் ஒலிக்கும் இத்தகைய போட்டியே பொருத்தமான அஞ்சலி என்பது என் கருத்து.

பதில் 2: போலந்தின் டோருன் நகரிலுள்ள ஸ்பீட்வே அரங்கமான மோட்டோ அரேனாவும் அப்படியே: 1970-இல் பந்தயத்திலேயே உயிரிழந்த வீரர் மரியான் ரோஸேயின் பெயரைக் கொண்டது.

பதில் 3: சிலையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அதே போலந்தின் கோஷூஃப் நகர அரங்கிற்கு, மறைந்த ஸ்பீட்வே வீரர் எட்வர்ட் யான்சார்ஷின் பெயரைச் சூட்டியதோடு நில்லாமல், நகரின் நடுவே அவரை பைக்கோடு சிலையாகவும் நிறுத்தியிருக்கிறார்கள்.