புன்னைக்காயல் கழிமுகத்தில் சீமைக்கருவேலத்தை வெட்டிய இடத்தில் அலையாத்தி நடலாமா?

கேள்வி:
தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் பக்கம் எங்கள் ஊர் இளைஞர்கள் அலையாத்திக் கன்றுகள் நட விரும்புகிறார்கள். தேர்ந்தெடுத்த இடம் முழுவதும் சீமைக்கருவேலம் அடர்ந்து கிடக்கிறது. அதை வெட்டிய கையோடு கன்றுகளை ஊன்றிவிடலாமா என்பதை விவரமறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
அண்ணாச்சி, வெட்டுவது மட்டும் போதாது. தரையோடு வெட்டிய அடிக்கட்டையிலிருந்து பல கிளைகள் துளிர்த்துவிடும். கரிமூட்டம் போடுகிறவர்கள் அதை நம்பித்தான் ஒரே தூரை மீண்டும் மீண்டும் வெட்டுகிறார்கள். நெற்று பழுக்கும் முன்பே தூரோடு தோண்டி எடுங்கள். ஆடுமாடுகள் தின்ற நெற்றின் விதை, சாணத்தோடு விழுந்த இடத்திலெல்லாம் முளைக்கும்.

மறுமொழி 2:
மரத்தைவிட முதலில் தண்ணீரைக் கவனியுங்கள். சீமைக்கருவேலம் உப்பைத் தாங்குமே தவிர, நாள்தோறும் வேர் மூழ்குவதைத் தாங்காது. எனவே அது அடர்ந்து நிற்பதே அந்த மேட்டில் ஓதம் (கடலிலிருந்து ஏறி வடியும் நீர்) ஏறுவதில்லை என்பதற்கு அடையாளம். அங்கே அலையாத்தி வகையான வெண்கண்டலை ஊன்றினால், கோடையில் மண்ணில் உப்புப் பூத்து, இலை நுனியிலிருந்து கருகிக் கன்று பட்டுப்போகும். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் செய்ததுபோல, ஒரு பெரிய வாய்க்காலும் அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்களுமாக மீன்முள் வடிவில் வெட்டி, ஓதநீர் வந்து வடியும்படி செய்த பிறகு, வாய்க்கால் சரிவில் நடுவதே முறை. வாய்க்கால் தூர்ந்தால் சீமைக்கருவேலம் திரும்பிவிடும் என்பதால், ஆண்டுதோறும் தூர்வாரும் பொறுப்பை இப்போதே பேசி முடியுங்கள்.

மறுமொழி 3:
வனத்துறையின் அனுமதியின்றி எதையும் தொடங்க வேண்டாம். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் சீமைக்கருவேலத்திலும் பறவைகள் கூடு கட்டுகின்றன. ஆகவே கூடுள்ள மரங்களைக் குஞ்சுகள் பறக்கும்வரை விட்டுவையுங்கள். ஆற்றங்கரை விளிம்பில் இருப்பவற்றை இயந்திரத்தால் பிடுங்கினால் கரை சரியும். அங்கே ஆட்களைக் கொண்டு சிறிது சிறிதாக அகற்றுங்கள்.