மூன்று புள்ளி கொடுத்து இருபடிச் சமன்பாடு கேட்டபோது: உங்கள் அனுபவங்கள்

மாம்பலம் டியூஷன் மிஸ்

மேற்கு மாம்பலத்தில் வீட்டிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறேன். முதல் பாடத்தில், கிராமரின் விதிக்கு (சமன்பாடுகளை அணிக்கோவைகளை வைத்துத் தீர்க்கும் முறை) ஒரு கிரிக்கெட் கணக்கு வரும். கடைசிப் பந்து, ஆறு ரன் வேண்டும். அடித்த பந்து (10, 8), (20, 16), (40, 22) என்ற புள்ளிகள் வழியாகப் போகிறது, எல்லைக்கோடு (70, 0)-இல் இருக்கிறது, எல்லாம் மீட்டரில். பாதை, ஒய் = ஏ எக்ஸ்² + பி எக்ஸ் + சி என்ற இருபடிச் சமன்பாடு; எக்ஸ் தூரம், ஒய் உயரம். சென்னை ஜெயித்ததா?

சேப்பாக்கத்தில் மேட்ச் இருக்கிற வாரத்தில் இந்தக் கணக்கை எடுத்தால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். மூன்று புள்ளிகளையும் பிரதியிட்டால் மூன்று சமன்பாடு வரும். அவற்றின் கெழுக்களை வைத்துப் போடும் அணிக்கோவையின் மதிப்பு −6000. அந்தக் கழித்தல் குறியில்தான் பாதிப் பேர் தவறுவார்கள். சரியாகப் போட்டால் ஏ = −1/60, பி = 13/10, சி = −10/3. எக்ஸுக்கு 70 போட்டால் உயரம் சரியாக 6 மீட்டர். பந்து கோட்டுக்கு மேலே பறக்கிறது, சிக்ஸர்.

போன மாதம் எல்லாரும் கைதட்டி முடித்த பிறகு ஒரு பையன் மட்டும் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "மிஸ், எக்ஸ் ஜீரோன்னா ஒய் மைனஸ் மூணே சொச்சம் வருதே. பந்து பூமிக்குள்ள இருந்தா வந்துச்சு?" என்றான்.

இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு அடுத்த பாடத்தை ஒத்திவைத்தேன். ஒய் பூஜ்ஜியம் என்று வைத்துத் தீர்த்தோம். எக்ஸ் 2.65, 75.35 என்று இரண்டு விடை. பந்து தானாக விழுந்திருந்தால் 75 மீட்டர் தாண்டித்தான் தரையைத் தொட்டிருக்கும். மட்டையில் பட்ட உயரம் ஒரு மீட்டர் என்று வைத்தால், அந்த இடத்தில் எக்ஸ் சுமார் 3.5. அப்படியென்றால் ஆதிப்புள்ளி பேட்ஸ்மேன் காலடியில் இல்லை, அவருக்குப் பின்னால் எங்கேயோ இருக்கிறது. மட்டையில் பட்ட இடத்துக்கு முன்னால் இந்தச் சமன்பாட்டுக்கு வேலையே இல்லை. அந்தப் பையன் கரும்பலகையில் வளைவரையின் தொடக்கத்தைப் புள்ளிக்கோடாக மாற்றி வரைந்தான். அதை அழிக்க எனக்கு மனசு வரவில்லை, இரண்டு நாள் அப்படியே விட்டுவைத்தேன்.

உங்களில் யாருக்காவது இந்த மாதிரிக் கேள்வி வந்திருக்கிறதா?

குரோம்பேட்டை வாத்தியார்

அம்மா, அந்தப் பையனுக்கு என் ஆசீர்வாதம். நான் ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. இந்தக் கணக்கைச் சரிபார்க்க நான் காட்டிய வழி வேறு. 10-லிருந்து 20-க்குப் போகும்போது சாய்வு (உயரம் மாறியதை எக்ஸ் மாறியதால் வகுத்தது) 0.8. 20-லிருந்து 40-க்கு 0.3. சாய்வு 0.5 குறைந்திருக்கிறது. அதை முதல், கடைசி எக்ஸ்களின் வித்தியாசமான 30-ஆல் வகுத்தால் −1/60. ஏ கையில் வந்துவிட்டது, அரை நிமிடம் கூட ஆகாது. தேர்வில் கிராமர் விதி என்று கேட்டால் அப்படித்தான் எழுதவேண்டும், ஆனால் பேப்பரைக் கொடுப்பதற்குமுன் இப்படி ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம். இதற்கு வேர் நியூட்டன். 1687-இல் வந்த அவருடைய பிரின்சிபியா என்ற புத்தகத்தின் மூன்றாம் பாகத்தில், கொடுத்த புள்ளிகள் வழியாக வளைவரை போடும் முறையை எழுதியிருக்கிறார். அவருக்கு அது வால்நட்சத்திரத்தின் இடத்தைக் கணிக்கத் தேவைப்பட்டது.

எனக்கு மறக்காத மாணவி ஒருத்தி. (2, 5), (4, 9), (6, 13) என்று நானே புள்ளி கொடுத்திருந்தேன். அவளுக்கு ஏ பூஜ்ஜியம் வந்தது. தப்பு என்று நினைத்து மூன்று தடவை அழித்து எழுதி, தாளே கிழிந்துவிட்டது. இரண்டு சாய்வும் 2 தான், மூன்று புள்ளியும் ஒரே நேர்க்கோட்டில். அவள் விடைதான் சரி. அப்புறம் எந்த வகுப்பிலும் இந்தக் கணக்கைத் தொடங்குமுன் அந்த மூன்று புள்ளியை வரைபடத்தாளில் வைக்கச் சொல்லிவிடுவேன்.

பெரம்பூர் அப்பா

நான் கணக்கு படித்தவன் இல்லை, பத்தாவது படிக்கிற மகளுக்காக உட்கார்ந்தேன். மொட்டைமாடியில் செடிக்கு ஊற்றுகிற ஹோஸ் பைப்பை, கைப்பிடிச்சுவர் ஓரமாக 100 சென்டிமீட்டர் உயரத்தில் படுக்கைவசமாகக் கட்டினோம். தண்ணீர் சுவரை ஒட்டியே போனது. 30 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை சாக்பீஸால் கோடு. முதல் கோட்டில் தண்ணீரின் உயரம் 91, இரண்டாவதில் 64. இறக்கம் 9, அப்புறம் 27, அதாவது 18 கூடுதல். பாப்பா, "அடுத்தது 45 இறங்கும்பா, 90-ல 19 இருக்கும்" என்றாள். டேப்பை வைத்தால் 18. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

குரோம்பேட்டை வாத்தியார்

தம்பி, 9, 27, 45 மூன்றையும் 9-ஆல் வகுத்துப் பாருங்கள். 1, 3, 5. விழுகிற பொருள் சம நேரங்களில் கடக்கும் தூரம் ஒற்றைப்படை எண்களாகப் போகும் என்று கலிலியோ கண்டது இதைத்தான். தண்ணீர் பக்கவாட்டில் ஒரே வேகத்தில் போவதால் உங்கள் 30 சென்டிமீட்டர் கோடுகளே சம நேரமாகிவிட்டன.

மாம்பலம் டியூஷன் மிஸ்

பெரம்பூர் அண்ணா, நேற்று எங்கள் மாடியிலும் செய்தோம். பைப் வாயைக் கொஞ்சம் மேலே தூக்கிக் கட்டினோம், தண்ணீர் ஏறி இறங்கட்டும் என்று. உயரங்கள் 80, 101, 98. பிள்ளைகள் வித்தியாசம் எடுத்தார்கள்: 21, −3. வித்தியாசத்தின் வித்தியாசம் −24. அப்படியானால் அடுத்தது −27, உயரம் 71. பந்து பூமிக்குள்ளிருந்து வந்ததா என்று கேட்ட அதே பையன், 71-இல் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுத் தள்ளி நின்றான். குழாயைத் திறந்ததும் தண்ணீர் அந்தக் குறியின் கீழ்ப்பாதியைக் கரைத்துக்கொண்டு போனது.